பாலத்தில் முந்நூற்று நாற்பது

திருக்கழுக்குன்றம்
14.4.2001

சங்கரி மேடத்துக்கு ராஜாராம் எழுதிக்கொண்டது.

வருஷப் பிறப்பு வாழ்த்துகள். இங்கே ரேணுகா வேப்பம்பூப் பச்சடியில் வெல்லம் போட மறந்துவிட்டாள். இந்த வருஷம் எப்படி இருக்கும் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

எங்கள் ஏரியில் நீலச்சிறகி வாத்து ஆறுதான் மிச்சம். மற்றதெல்லாம் போன வாரமே வடக்கே கிளம்பிவிட்டன. கரண்ட் கம்பியில் தகைவிலான் குருவி இன்னும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. எண்ணவில்லை, மனசில்லை. ஒரு வாரமாக நான் கம்பெனி பஸ் எடுக்காமல் வீட்டில்தான் இருக்கிறேன். அதனால் பாலத்திலிருந்து இனிமேல் எண்ணிக்கைக் கார்டு வராது.

ஒரு விஷயம். ஒன்பதாம் தேதி போட்ட கார்டு உங்களுக்கு வந்திருக்கும். அதை நம் பறவைத் தாளில் இந்த மாதம் சேர்க்க வேண்டாம். யாரிடமும் காட்டவும் வேண்டாம். கிழித்து அடுப்பில் போட்டால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். உங்கள் வீட்டில் கேஸ் அடுப்புதான், இருந்தாலும் ஒரு தீக்குச்சி செலவு பண்ணுங்கள்.

ஏன் என்று கேட்காதீர்கள். கேட்பீர்கள் என்றும் தெரியும்.

ராஜாராம்


கல்பாக்கம்
18.4.2001

ராஜாராம் அண்ணாச்சி,

கேட்கத்தான் போகிறேன். ஆறு வருஷமாக "மேடம், என் கார்டு வந்துச்சா, தாளில் ஏறிச்சா" என்று நச்சரித்த மனுஷர், இன்றைக்குக் கிழித்துப் போடு என்கிறார். கேட்காமல் இருக்க நான் என்ன மரமா?

நம் விதி உங்களுக்குத் தெரியாததில்லை. மதுராந்தகத்திலிருந்து கோவளம் வரை முப்பத்திரண்டு பேர் பறவை பார்த்துக் கார்டு போடுகிறோம். தபால் பெட்டியில் விழுந்துவிட்டால் அந்தக் கார்டு யாருக்கும் சொந்தமில்லை, தாளுக்குச் சொந்தம். போட்டவரே கேட்டாலும் திருப்பித் தருவதில்லை. போன வருஷம் மதுராந்தகம் ஞானதாஸ் ஒரு கழுகைத் தப்பாகச் சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுக் கார்டைக் கேட்டபோது, கூடாது என்று முதலில் குதித்தது நீங்கள்தான்.

அதுவும் எப்பேர்ப்பட்ட கார்டு! எதிரே வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். "9.4.2001 திங்கள். காலை 6.20. கேளம்பாக்கம் உப்பங்கழிப் பாலம். வளைமூக்கு உள்ளான் 340. முக்கால்வாசி செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது. ஒன்று முழு வெள்ளை." உடம்பெல்லாம் சிவந்து சைபீரியா கிளம்பத் தயாராக நிற்கிற கூட்டத்தில் ஒரே ஒரு வெள்ளை உள்ளான். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸில் டைப் அடிக்கும்போது பக்கத்து சீட்டு வசந்தாவிடம்கூடச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைக் கேட்காதீர்கள்.

உடம்புக்கு முடியவில்லையா? வேலையில் ஏதாவது தகராறா? மென்று முழுங்காமல் எழுதுங்கள். தாளுக்கு ஸ்டென்சில் இருபத்தெட்டாம் தேதி வெட்டுகிறேன்.

சங்கரி


திருக்கழுக்குன்றம்
22.4.2001

மேடம்,

சரி, எழுதுகிறேன்.

ஒன்பதாம் தேதி காலை அந்தப் பாலத்தைத் தாண்டுகிற இடத்தில் என் வண்டி ஒரு பெண் மேல் மோதிவிட்டது. பெயர் கண்ணகி. உப்பளத்தில் வேலை செய்கிறவள், முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் கூடையோடு ரோட்டோரமாகப் போய்க்கொண்டிருந்தாள். உயிருக்கு ஆபத்து இல்லை. வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்துவிட்டது. பாத்தியில் இறங்கி நின்று இனிமேல் அவளால் உப்பு வாரிப் போட முடியாது என்கிறார்கள்.

போலீஸ் கேஸ் போட்டிருக்கிறது. ஜூன் இருபதாம் தேதி செங்கல்பட்டு கோர்ட்டில் வருகிறது. கம்பெனி வக்கீல் தைரியம் சொல்லியிருக்கிறார். வண்டியில் இருந்த இருபது பேரும் தூங்கிக்கொண்டிருந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணே, தான் பார்க்காமல் ரோட்டில் கால் வைத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். அதனால் தப்பு அவள் மேல்தான் என்று முடிந்துவிடும், எனக்கு லைசென்ஸும் போகாது, வேலையும் போகாது என்கிறார். "ஓட்டும்போது நீ வேற எதையாவது பாத்துகினு இருந்தேன்னு ஒருத்தன் சொன்னாப் போதும்பா, ஜெயில்தான்" என்றும் சொன்னார்.

அந்த ஒருத்தன் உங்கள் மேசை மேல் இருக்கிற கார்டு, மேடம். அதில் தேதி, நேரம், இடம், என் கையெழுத்து, எல்லாம் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், ஒரு நாய் மேல்கூட ஏற்றியதில்லை. வேறு தொழில் எனக்குத் தெரியாது. பிள்ளை பிளஸ் டூ படிக்கிறான்.

இப்போதாவது தீக்குச்சியை எடுப்பீர்களா?

ராஜாராம்


கல்பாக்கம்
25.4.2001

அண்ணாச்சி,

இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர், "யாரோ ஒரு டிரைவருக்கு கேஸ், உனக்கு என்ன?" என்கிறார். உங்களை அவருக்கு யாரோ ஒரு டிரைவராகத்தான் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு ஆறு இருபதுக்கு நீங்கள் ரோட்டைப் பார்த்தீர்களா, தண்ணீரைப் பார்த்தீர்களா? பாலத்துக்கு முன்னால் ஓரம் கட்டி, இரண்டு நிமிஷம் நிறுத்தித்தானே எண்ணுவீர்கள்? நிறுத்தி எண்ணிவிட்டு, அதற்கப்புறம் வண்டியை எடுத்திருந்தால் கார்டைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும்?

இன்னொன்று. கார்டில் கேளம்பாக்கம் முத்திரை இருக்கிறது. ஒருத்தி கால் ஒடிந்து கிடக்கிறபோது நீங்கள் உள்ளான் எண்ணிக்கையைக் கொண்டுபோய்த் தபாலில் போட்டிருக்கிறீர்கள். இதை என்னால் செரிக்கவே முடியவில்லை.

உண்மையைச் சொல்லுங்கள். அதற்கப்புறம் என்ன செய்யலாம் என்று பார்க்கலாம். அதுவரை ஸ்டென்சில் வெட்டமாட்டேன்.

சங்கரி


திருக்கழுக்குன்றம்
29.4.2001

மேடம்,

ரோட்டைத்தான் பார்த்தேன். தண்ணீரைப் பார்க்கவே இல்லை. அந்தக் கார்டு பொய்.

ஷிப்ட் நேரம் மாறியதிலிருந்து பாலத்தில் நிறுத்த முடிவதில்லை. ஆறே முக்காலுக்கு கம்பெனி கேட்டுக்குள் வண்டி இல்லையென்றால் சூப்பர்வைசர் திட்டுகிறார். கார்டு வராவிட்டால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று நானே ஒரு எண்ணிக்கையைப் போட்டு எழுதிவிடுவேன். அந்தக் கார்டை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டேன். போன வருஷம் அதே வாரம் முந்நூற்றுப் பத்து, அதில் ஒரு முப்பதைச் சேர்த்தேன். வெள்ளைக் குருவி சும்மா ஒரு ருசிக்குப் போட்டது. பையில் இருந்த கார்டை மறுநாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது பழக்க தோஷத்தில் பெட்டியில் போட்டுவிட்டேன்.

இந்த வருஷம் வந்த கார்டு எல்லாமே அப்படித்தான். நீங்கள் திட்டினால் நியாயம். ஆனால் பொய் எழுதினதுக்கு ஜெயில் கிடையாது. இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கார்டைப் பற்றிக் கேட்டால் இதைக் காட்டலாம்.

ராஜாராம்


கல்பாக்கம்
4.5.2001

திரு. ராஜாராம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

நாம் எல்லாரும் படித்த விஞ்ஞானிகள் இல்லை. நான் டைப்பிஸ்ட், ஞானதாஸ் ரேஷன் கடையில் இருக்கிறார், மகாபலிபுரம் மார்கரெட் சிஸ்டர் நர்ஸ். நம் தாளை நாலு பேர் மதித்துக் கேட்டு வாங்குகிறார்கள் என்றால், பார்த்ததைத்தான் எழுதுகிறோம், பார்க்கப் போய் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுதுகிறோம் என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கையில் நீங்கள் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டீர்கள். வெள்ளைக் குருவி ருசிக்குப் போட்டதாம். என்ன ருசி அது? நான் அதை வசந்தாவிடம் சொல்லி வாயைப் பிளந்தேனே, அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

நிறுத்த முடியவில்லை என்றால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்ன வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்?

இந்த வருஷம் மட்டும்தான் பொய், மற்ற ஐந்து வருஷமும் நிஜம் என்று நான் எப்படி நம்புவது? 1996 முதல் உங்கள் பெயரில் வந்த பாலத்து எண்ணிக்கை ஆயிரத்துச் சொச்சம் நாள். அத்தனையையும் நீக்கிவிட்டேன். ஏப்ரல் தாள் இன்று போகிறது. முதல் பக்கத்திலேயே காரணம் போட்டிருக்கிறேன்: "திரு. ரா. ராஜாராம் அனுப்பிய எண்ணிக்கைகள் நேரில் பார்த்து எழுதப்பட்டவை அல்ல என்று அவரே ஒப்புக்கொண்டதால் முழுவதும் விலக்கப்படுகின்றன." விபத்தைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. அந்த மட்டும் செய்ய முடிந்தது.

கார்டைக் கிழிக்கவில்லை. பொய்க் கார்டாக இருந்தாலும் அது தாளுக்குச் சொந்தம்.

சங்கரி


திருக்கழுக்குன்றம்
16.5.2001

சங்கரி அம்மா அவர்களுக்கு,

தாள் வந்தது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். இந்த வருஷத்துக் கார்டைத் தூக்குங்கள் என்றால் ஆறு வருஷத்தையும் தூக்கிவிட்டீர்கள்.

ஞானதாஸ் ஒரு கார்டு போட்டிருக்கிறார். கார்டு என்பதால் போஸ்ட்மேன் வாசலில் நின்று படித்துவிட்டுத்தான் கொடுத்தான். "உன் கள்ளக் கணக்கை நம்பி நான் மூணு தரம் பஸ் ஏறி அந்தப் பாலத்துக்கு வந்தேனே" என்று எழுதியிருக்கிறார். மூன்று தரமும் என்னோடு நின்று அவர் கண்ணாலேயே எண்ணிப் பார்த்தவர் அவர். அதை எடுத்துச் சொல்லக்கூட எனக்கு இப்போது வாய் இல்லை.

உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். சொன்னேனா சொல்லவில்லையா என்பதை விடுங்கள். இனிமேல் அதைப் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை.

வக்கீல் போன வாரமும் வரச் சொன்னார். கேஸ் நல்லபடியாக இருக்கிறதாம். ரேணுகா மலைக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குச் சிரிக்கவும் வரவில்லை, தூங்கவும் முடியவில்லை. ஏரிப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். பைனாகுலரை அலமாரி மேல் தூக்கிப் போட்டாகிவிட்டது. நான் போய்ப் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன, எழுத முடியாதல்லவா?

இனிமேல் எனக்குத் தாள் அனுப்ப வேண்டாம்.

ராஜாராம்


கல்பாக்கம்
2.6.2001

ராஜாராம்,

என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல் வெறும் பெயரைப் போட்டிருக்கிறேன்.

மார்கரெட் சிஸ்டர் எப்போதும் கார்டு போடமாட்டார், இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் நோட்டையே அனுப்பிவைப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். ஏப்ரல், மே நோட்டு நேற்று வந்தது. நேற்றுச் சாயங்காலம் அதைத் தாளுக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல் ஒன்பதாம் தேதி அவருக்கு டியூட்டி இல்லை. மாலை ஐந்து மணிக்குக் கோவளம் முகத்துவாரத்துக்குப் போயிருக்கிறார். எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "வளைமூக்கு உள்ளான், முந்நூறுக்குக் குறையாது. ஒரு வெள்ளைப் பறவையும் சேர்ந்து பறந்தது. முதலில் வேறு ஏதோ என்று நினைத்தேன். மூக்கைப் பார்த்தேன், உள்ளான்தான்."

அவருக்கு உங்கள் கார்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தாளில் நான் அதைப் போடவே இல்லையே.

டைப் அடிப்பதை அத்தோடு நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ருசிக்குப் போட்ட வெள்ளைக் குருவி, திங்கட்கிழமை சாயங்காலம் கோவளத்தில் எப்படிப் பறக்கும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டீர்கள், நானும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டேன்.

கார்டு நிஜம். நீங்கள் தண்ணீரைத்தான் பார்த்தீர்கள். அதை மறைக்க உங்கள் கண்ணையே பொய் என்று சொல்லிக்கொண்டீர்கள். நானும் ஊரைக் கூட்டி உங்களைக் கள்ளன் என்று அறிவித்தேன். அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டும். ஆனால் பெற்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பெறாவிட்டால், பார்க்காமல் ரோட்டில் கால் வைத்த பைத்தியக்காரி என்ற பெயர் அந்தக் கண்ணகிக்கு நிலைத்துவிடும்.

நான் கார்டை யாரிடமும் கொடுக்கவில்லை. போலீஸுக்கும் எழுதவில்லை. எழுதுவேன் என்று மிரட்டவும் இல்லை. பதினெட்டு நாள் இருக்கிறது. அந்தப் பெண்ணை ஒரு தடவையாவது போய்ப் பார்த்தீர்களா?

சங்கரி


திருக்கழுக்குன்றம்
11.6.2001

மேடம்,

நேற்று ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வக்கீல் போகவே கூடாது என்று சொல்லியிருந்தார். ரேணுகாவிடம் மதுராந்தகம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

உப்பளத்துக்குப் பின்னால் ஒரு தெரு. கண்ணகி கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காலில் மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. நான் யார் என்று சொன்னேன். திட்டுவாள், வாங்கிக்கொள்வேன், மனசு கொஞ்சம் லேசாகும் என்றுதான் போனேன். அவள் கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"என்னாலதான் அண்ணாத்த உனுக்கு இம்மாம் பேஜாரு. கேஸு, கோர்ட்டுன்னு அலையிறியாமே. நான் ரோட்டப் பாத்து வந்திருக்கணும். எனக்கு ஒண்ணுமே நெனப்பில்ல. நீதான் அன்னிக்கி சொன்னே, பாத்து வரக்கூடாதான்னு. அது மட்டும் காதுல கீது. என்ன மன்னிச்சுக்கோ."

மேடம், அவள் ரோட்டில் கால் வைக்கவில்லை. ஓரத்து மண்ணில்தான் நடந்துகொண்டிருந்தாள். நான் வலது பக்கம் தண்ணீரைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். என் ஜன்னலை அடைக்கிற கூட்டம் என்றால் நாற்பது. எட்டு ஜன்னல் வந்துவிட்டது, முந்நூற்று இருபது. கடைசியில் இருந்த சின்னக் கூட்டத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. கொக்கோ என்று விட்டுவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை, இரண்டாவது தடவை திரும்பிப் பார்த்தேன். அந்த இரண்டாவது தடவையில்தான் வண்டி இடது பக்கம் ஒதுங்கிவிட்டது. சத்தம் கேட்டு இறங்கினேன். அவள் கிடக்கிறாள். பயத்தில் வாயில் வந்தது அதுதான்: "பாத்து வரக்கூடாதா?" நான் கத்தின அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதமாகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறாள். போலீஸிடமும் அதையே சொல்லியிருக்கிறாள்.

கார்டை நிஜமாக எப்போது எழுதினேன் என்று இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். சட்டையில் அவள் ரத்தம் இருந்தது. கை நடுங்கிக்கொண்டே இருந்தது. எதையாவது பிடித்தால் நிற்கும் என்று பையைத் துழாவினேன், கார்டும் பேனாவும் வந்தன. எழுதினேன். எழுதும்போது நடுக்கம் நின்றது. என்ன ஜென்மம் நான் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

நேற்று அவளிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன், வரவில்லை. டீ போடச் சொல்லித் தன் தங்கையைக் கூப்பிட்டாள். அந்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன், மேடம். நாற்பத்து நாலு வயசு ஆம்பளை, ஆள் நடமாட்டத்துக்கு நடுவில்.

இருபதாம் தேதி கோர்ட்டில் சொல்லப்போகிறேன். ரேணுகாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அப்போதிலிருந்து வீட்டில் அடுப்பு எரியவில்லை. வக்கீலிடம் சொன்னால் தடுத்துவிடுவார் என்று அவருக்குச் சொல்லவில்லை. வெறும் வாயால் சொன்னால் யாரோ மிரட்டிச் சொல்ல வைத்தார்கள் என்பார்கள். எனக்கு அந்தக் கார்டு வேண்டும். தபால் பெட்டியில் விழுந்த கார்டைத் திருப்பித் தருவதில்லை என்பது விதி. இந்த ஒரு தடவை தாருங்கள்.

ராஜாராம்


கல்பாக்கம்
15.6.2001

ராஜாராம் அண்ணாச்சி,

கார்டை அனுப்பவில்லை. நானே கொண்டு வருகிறேன். புதன்கிழமை காலை ஒன்பதரைக்குச் செங்கல்பட்டு கோர்ட் வாசலில் இருப்பேன். ஆபீஸில் லீவு சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள், சொந்த கேஸ் என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்படி எழுதியது ஏன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் ஆறு வருஷ எண்ணிக்கையைத் தாளில் மறுபடி சேர்ப்பதற்காகப் பழைய கார்டு, கடிதம் எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்துத் தேதிவாரியாக அடுக்கினேன். ஜனவரிக் கட்டில் உங்கள் இன்லண்டு ஒன்று இருந்தது. பொங்கல் முடிந்து எழுதியது. "ஷிப்ட் நேரத்தை மாற்றிவிட்டார்கள் மேடம். முன்னே மாதிரி ஓரம் கட்டி நிறுத்த முடியவில்லை. வண்டி ஓடும்போதே எண்ண வேண்டியிருக்கிறது. எனக்கே பயமாக இருக்கிறது. பாலத்து எண்ணிக்கையை விட்டுவிடலாமா?"

அதோடு சேர்த்து நான் அனுப்பிய பதிலின் கார்பன் காப்பியும் குத்தியிருந்தது. நான் எதற்கும் காப்பி வைக்கிறவள். என் வார்த்தையை நானே படித்தேன். "விட வேண்டாம். ஓடும்போது கண்ணில் பட்ட அளவு போதும். ஒரு நாள்கூட விட்டுப்போகாமல் வரட்டும். அந்தப் பத்தி இல்லாவிட்டால் தாளை யாரும் மதிக்கமாட்டார்கள்."

பயமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் ஒரு வரிகூடப் பதில் சொல்லவில்லை. எண்ணிக்கைதான் கேட்டிருக்கிறேன். அப்புறம் சுத்தமாக மறந்தும்விட்டேன். "ஓரம் கட்டி நிறுத்தித்தானே எண்ணுவீர்கள்" என்று ஏப்ரலில் நீதிபதி மாதிரி கேட்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மே மாதம் திட்டினேன். நீங்கள் சொல்லியிருந்தீர்கள். சொல்லியும் அதை ஒரு கடிதத்திலும் எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. ஏன் காட்டவில்லை? ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேனே. உங்கள் மேல் எனக்கு இப்போது வருகிற கோபம் அது ஒன்றுக்குத்தான்.

கார்டோடு இந்தக் காப்பியையும் கோர்ட்டில் கொடுக்கப்போகிறேன். என் பெயரையும் எழுதிக்கொள்ளட்டும். சட்டம் என்னை ஒன்றும் செய்யாது என்கிறார் என் வீட்டுக்காரர். ஜெயிலுக்குப் போவதென்றால் நீங்கள்தான் போவீர்கள், வேலை போவதென்றால் உங்களுக்குத்தான் போகும். நான் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து சோறு வடிப்பேன். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

ரேணுகாவிடம் நான் பேசட்டுமா? வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

அதற்கு முன்னால் நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கண்ணகி வீட்டுக்குப் போகிறேன். உங்களால் சொல்ல முடியாததை நான் சொல்லிவிடுகிறேன்: அவள் மண் ஓரத்தில்தான் நடந்தாள், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, எண்ணிக்கை கேட்டு நச்சரித்தது நான் என்று. கோர்ட்டுக்குப் போகக்கூட எனக்குப் பயமில்லை, அண்ணாச்சி. என்னையும் பார்த்து அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.

சங்கரி